அறுபத்தாறாம் வண்டியும் நோர்மாவின் முழங்காலும்

நோர்மா பெர்கொன்ஸீனிக்கு இடது முழங்காலில் எந்தக் கோளாறும் கிடையாது. பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு இது தெரியவந்தது போன ஜூன் மாதம்தான். "முழங்கால் மடங்காது, அதனாலதான் ஆட்டோமேட்டிக் வண்டி" என்று அவள் சொல்லுவாள், நானும் நம்பினேன். சில நாள் அவள் வலது காலை இழுத்து நடந்ததையும் பார்த்திருக்கிறேன். வலி இடம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எஞ்சின் பொருத்துகிறவன், மூட்டு வைத்தியன் இல்லை.

என் பெயர் ஒரெஸ்தே. மொதெனாவுக்குத் தெற்கே, சமவெளி முடிந்து களிமண் குன்றுகள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. நாற்பத்தொரு பேர் சேர்ந்து வருஷத்துக்கு எண்பது ஸ்போர்ட்ஸ் கார் செய்தால் அதிகம். இந்தத் தடவை காட்டுப் பாதைக்கென்று ஒரு தனிப் பதிப்பு, அறுபத்தாறே வண்டி. குன்றுகளின் பெயரையே வைத்துக் 'கலாங்கோ' என்றோம். தரையோடு தரையாக ஓடுகிற காரை நாலு விரல் தூக்கி, முரட்டு டயர் மாட்டி, மூக்கில் நாலு விளக்கும் கூரைமேல் ஸ்டெப்னியும் வைத்தோம். சேறு, சரளை, ஆற்றுப்படுகை எதிலும் போகும். வாங்குகிறவர்கள் அதை ஏ.சி. போட்ட அறையில் நிறுத்திப் போர்வை போர்த்துவார்கள், அது வேறு விஷயம்.

கையால் கியர் போடுகிற எங்கள் கடைசி வண்டியும் அதுதான். கியர் பாக்ஸ் செய்து தந்தவர்கள் இனிமேல் செய்வதாக இல்லை. அடுத்த வண்டியிலிருந்து எல்லாமே ஆட்டோமேட்டிக். இதற்காக நான் மூக்கைச் சிந்தவில்லை. பொலோன்யா நெடுஞ்சாலை நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போன நாட்களை நான் மறக்கவில்லை.

நோர்மாவின் வேலை கியர் கம்பியும் ஹேண்ட் பிரேக்கும். குள்ளம், செம்பட்டைச் சாயம் பூசிய முடி, காலை பத்து மணிக்கு மொர்த்தடெல்லா இறைச்சி வைத்த ரொட்டி, பத்தே காலுக்கு யாரிடமாவது ஒரு சண்டை. அப்பா பாலாடைக்கட்டி ஆலைக்குப் பால் லாரி ஓட்டியவர். புருஷன் பதினைந்து வருஷத்துக்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். மகளைத் தனியாளாக வளர்த்துப் பார்மாவில் படிக்க வைத்தாள். கியர் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து தடவை தள்ளிப் பார்ப்பாள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு மயிரிழை தடங்கினாலும், "எவன்டா இதை மாட்டினது?" என்று கூடமே கேட்கிற மாதிரி கத்துவாள். என் எஞ்சினை நாலு தடவை கழற்ற வைத்திருக்கிறாள். நாலு தடவையும் தப்பு என்னுடையதுதான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு பதிப்பிலும் கடைசி வண்டியைத் தொழிலாளி ஒருவர்தான் வெளியே ஓட்டிப்போக வேண்டும். எஞ்சினியர்களுக்கு அந்த உரிமை இல்லை. காலி கியர் பாக்ஸ் கூட்டுக்குள் ஓட்டுச் சீட்டு போட்டுத் தேர்ந்தெடுப்போம். ஆகஸ்ட் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வாசலிலிருந்து பதினோரு கிலோமீட்டர், மேலே கஷ்கொட்டைத் தோப்பில் விருந்து. அதற்குச் சற்றுக் கீழே சரளைப் பாதை செங்குத்தாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நாங்கள் எல்லோரும் குறுக்கே நின்று வண்டியை மறித்து, மூக்கின்மேல் லம்ப்ரூஸ்கோ ஒயினை ஊற்றுவோம். பிறகு வண்டி அந்த ஏற்றத்திலிருந்தே கிளம்ப வேண்டும். ஆஃப் ஆனாலோ பின்னால் உருண்டாலோ, ஓட்டியவர் அத்தனை பேர் தட்டையும் கழுவணும். ஒழுங்காகக் கிளம்பிவிட்டால், ஓட்டெடுப்பில் தோற்றவர் கழுவணும். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஓட்டினேன், ஆஃப் ஆனது. அன்றிலிருந்து எனக்குப் 'பாத்திரம்' என்று பெயர்.

அந்தப் பெயரை அழிக்கத்தான் இந்தத் தடவை நின்றேன். நோர்மாவுக்கு இருபத்திரண்டு ஓட்டு, எனக்குப் பத்தொன்பது. என் சீட்டிலும் என் பெயரைத்தான் எழுதியிருந்தேன், ஒளிப்பானேன். எல்லோரும் ஸ்பேனரால் மேஜையைத் தட்டிக் கொண்டாடினார்கள். நோர்மா மட்டும் வெளிறிப்போய், வலது காலை இழுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தாள்.

ஐந்து மணிக்குச் சைக்கிள் கொட்டகையில் என்னைப் பிடித்தாள்.

"பாத்திரம், கொஞ்சம் நில்லு."

"என்ன, ஆறுதல் சொல்ல வந்தியா?"

"வண்டிய நீயே ஓட்டிடு." பையிலிருந்து லைசென்ஸை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கு பாரு. ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம்னு அர்த்தம்."

"தெரிஞ்சதுதானே? உன் முழங்காலு..."

"முழங்காலுக்கு ஒரு எழவும் இல்ல."

பத்தொன்பது வயதில் மூன்று தடவை பரீட்சைக்குப் போயிருக்கிறாள். மூன்று தடவையும் கல்லறைத் தோட்டத்து மேட்டில் நிறுத்திக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு தடவை வண்டி ஆஃப். மூன்றாவது தடவை பின்னால் உருண்டு பூக்காரியின் தள்ளுவண்டியில் முட்டியது. பரீட்சை வைத்த ஆள், மற்ற பிள்ளைகள் எல்லோரும் கேட்க, "பொண்ணே, சைக்கிள் ஒண்ணு வாங்கிக்கோ" என்றானாம். அப்புறம் ஆட்டோமேட்டிக்கில் லைசென்ஸ் எடுத்தாள். அந்தக் காலத்தில் கால் சரியில்லாதவர்கள்தான் அதை ஓட்டுவார்கள். ஆகவே முழங்கால் வலி வந்தது, இருபத்தெட்டு வருஷம் நீடித்தது.

உண்மையைச் சொல்கிறேன், அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டியடித்தேன். மறுநாள் காலையில் அவள் ஐம்பத்திரண்டாம் வண்டியில் கண்ணை மூடிக் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு என்னைப் பார்த்தே வெட்கமாகிவிட்டது.

"இன்னும் ஆறு வாரம் இருக்கு, லைசென்ஸ மாத்து" என்றேன்.

"எந்த வண்டில பழகுறது? டிரைவிங் ஸ்கூல்ல கேட்டேன். கிளட்ச் வச்ச வண்டி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமாம், செப்டம்பர் வரைக்கும் வரிசையாம். பரீட்சை அன்னிக்கு வேணா அரை மணி நேரம் தரேங்கறான்."

"என் பாண்டா காரு இருக்கே, கிளட்ச் வச்சதுதான்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

டிரைவிங் ஸ்கூலில் பழகுநர் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் என் மச்சானின் திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற மண்பாதைக்குப் போனோம். நான் பக்கத்து இருக்கையில். அவள் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் என் இடது கால் தானாகப் போய், அங்கே இல்லாத கிளட்சைத் தரையில் தேடி மிதிக்கும். பிரயோஜனம்? வண்டி கரகரவென்று அலறும்.

"மொதல்ல காலு, அப்புறம் கை!"

"கத்தாத!"

"என் கியர் பாக்ஸே கத்துது, நான் கத்தக் கூடாதா?"

"உன் கியர் பாக்ஸ நீ ஒழுங்கா வச்சிருந்தா ஏன் கத்துது? மூணாவது பக்கம் தளர்ந்து கிடக்கு. யாரு மாட்டினா இத?"

மூன்றாவது சனிக்கிழமை இறங்கிப் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டு, "கட்டை!" என்றாள்.

"எந்தக் கட்டை?"

"வேலைல நான் வைக்கிற கட்டைடா!"

எனக்கும் உறைத்தது. கூடத்தில் கியரைச் சரிபார்க்கும்போது, கிளட்ச் மிதியை அழுத்திப் பிடிக்க இருக்கைக்கும் மிதிக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுப்பாள். அவளே அறுத்துச் செய்த கட்டை. பத்தொன்பது வருஷமாக அவள் கை, காலுக்காகக் காத்திருந்ததே இல்லை. கிளட்ச் எப்போதும் அழுந்தியே இருந்தது. கை எல்லாம் தெரிந்த மகாராணி மாதிரி முந்திக்கொண்டு ஓடியது, கால் பின்னாலேயே நின்றது.

திங்கட்கிழமை கட்டையை அலமாரியில் போட்டுப் பூட்டினாள். ஐம்பத்தேழாம் வண்டியிலிருந்து அவளே உள்ளே உட்கார்ந்து, தன் இடது காலால் மிதித்து, தன் கையால் போட்டுப் பார்த்தாள். ஐந்து தடவை போட வேண்டிய கியரை இருநூறு தடவை போட்டாள். சாப்பாட்டு நேரத்திலும் அதே வேலை. "முழங்கால் என்னாச்சு நோர்மா?" என்று யாரோ கேட்டதற்கு, "டாக்டர் பயிற்சி பண்ணச் சொன்னாரு" என்றாள், கண் இமைக்காமல். கடைசிப் பத்து வண்டிகளின் கியர் வெண்ணெயாக விழுகிறதே, என்ன ரகசியம் என்று வாங்கியவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். எஞ்சினியர்கள் எண்ணெயைக் காரணம் காட்டினார்கள்.

பாண்டாவின் அலறல் நின்றது. ஆனால் மேட்டில் நிறுத்திக் கிளம்பினால் பத்துக்கு நாலு தடவை இன்னமும் ஆஃப் ஆனது. புதன்கிழமை பரீட்சை, வெள்ளிக்கிழமை விருந்து. புதனன்று நான் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். எரிமலை மாதிரி வந்து இறங்கினாள்.

"ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"மேட்டுக்கே கூட்டிட்டுப் போகல பாத்திரம்! அங்க குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கானுங்க. சமதரையிலேயே சுத்தவிட்டு, போதும் போங்கன்னுட்டான். இருபத்தெட்டு வருஷமா அந்த மேட்டுக்கு ஒரு பதில் வச்சிருக்கேன், கேக்கக்கூட ஆளில்ல."

"வெள்ளிக்கிழமை நாங்க நாப்பது பேரு கேப்போம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. சரளைக்கு நடுவே களிமண் வழுவழுத்தது. அறுபத்தாறாம் வண்டி, மஞ்சள் நிறம், குன்றைச் சுற்றி உறுமிக்கொண்டு மேலே வந்தது. பக்கத்தில் முதலாளியம்மா தாவலி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. நாங்கள் குறுக்கே நின்றோம். நோர்மா நிறுத்தினாள். சிவப்பு ஒயின் நுரைத்துக்கொண்டு மூக்கில் வழிந்தது. எல்லோரும் வழிவிட்டு ஓரம் போனோம், பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுங்கினார்கள்.

வண்டி அசையவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் பேசுவது காதில் விழுந்தது.

"நோர்மா, நான் வேணா இறங்கிக்கட்டுமா?"

"பேசாம உக்காருங்கம்மா."

அந்த வண்டியில் மேட்டில் பிடித்து நிறுத்துகிற மின்னணு உபகாரம் எதுவும் இல்லை. எல்லாம் கையாலேயே வேண்டும் என்று கேட்டுத்தான் ஜனங்கள் வாங்கியிருந்தார்கள். ஹேண்ட் பிரேக், கிளட்ச், அவள், அவ்வளவுதான். அவள் கண்ணை மூடினாள். கூடத்தில் மூடுவாளே, அதே மாதிரி. பிறகு திறந்தாள். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. எஞ்சின் குரல் லேசாகக் கனத்தது, வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. அவள் மாட்டிய ஹேண்ட் பிரேக்கை அவளே மெதுவாகக் கீழே விட்டாள். வண்டி ஒரு நகக்கண் அளவுகூடப் பின்னால் போகவில்லை. அப்படியே ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி நாலு சக்கரமும் சரளையை வாரி என் வெள்ளைச் சட்டைமேல் இறைத்துவிட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் பாய்ந்தது. ஹாரன் சத்தம் தோப்பு வரைக்கும் நிற்கவில்லை.

நான் சட்டையெல்லாம் களிமண்ணோடு குதித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு நான் ஓட்டிய அன்றுகூட இல்லை. ஆஃப் ஆன பிறகு மட்டுமல்ல, அதற்கு முன்னாலும் இல்லை.

சாப்பாட்டில் நோர்மா மேஜைமேல் ஏறி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பரீட்சை, பூக்காரி, சைக்கிள், முழங்கால் எல்லாம்.

"முழங்கால் பொய்ன்னு எங்களுக்குத் தெரியும். திங்கக்கிழமை இடது, வியாழக்கிழமை வலது" என்றான் பெயின்ட் அடிக்கிற இவோ.

"அப்ப ஏன்டா ஒருத்தரும் கேக்கல?"

"கேட்டா கதவுல பெயின்ட் சரியில்லன்னு திருப்பி அனுப்புவ. நமக்கெதுக்கு வம்பு?"

தோப்பே சிரித்தது. நோர்மா பையிலிருந்து அந்த மரக்கட்டையை எடுத்து, ரொட்டி சுடுகிற நெருப்பில் போட்டாள். நான் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் போனேன். நாற்பத்தொரு தட்டு, முதலாளியம்மாவுடையது நாற்பத்திரண்டு. கழுவி முடிக்கும்போது விரலெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. நோர்மா வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். கீழே இறக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அவள் ஒயினைத் தொடவே இல்லை.

"நானும் குடிக்கல. கீழ போறப்ப நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"உன் எடம் அந்தப் பக்கம், பாத்திரம். கையத் தொடச்சிட்டு ஏறு."

ஏறினேன். பதினோரு கிலோமீட்டர், முழுக்க இறக்கம், பதினேழு திருப்பம். தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கும்வரை என் இடது கால், இல்லாத கிளட்சை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.