கண்டிக்குப் போன வகையறா

அன்றைக்கு அந்தப் பள்ளத்தின் கரையில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: என் அண்ணன், நான், அண்ணன் மகன், வவுனியாவிலிருந்து எங்களை ஏற்றிவந்த வேன்காரர், ஒரு காலத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காணியில் குடியிருந்த பெரியம்மா. ஒரு வெள்ளை மாடு பள்ளத்துக்குள் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதையும் சேர்ப்பதென்றால் சேர்த்துக்கொள்ளலாம். இதை இவ்வளவு திருத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. அண்ணன் இறந்த பிறகு சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மண் கிடைத்தது, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறார் ஒருவர். அண்ணன் பயந்துபோய்ப் பள்ளத்தில் இறங்கவே இல்லை என்கிறார் இன்னொருவர். பயந்தவன் நான். அண்ணன் இறங்கினார்.

எங்கள் தாத்தா எழுமலைப் பக்கத்துக்காரர். பிழைக்க வழியில்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, ஊர்ப் பேச்சில் கண்டிக்கு, போனவர். கிளம்பும்போது குலதெய்வமான கருப்பசாமியின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துப்போனார். பிடிமண் என்பார்கள். அந்த மண்ணை எங்கே வைத்துக் கும்பிடுகிறோமோ அங்கே சாமி வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மலையில் வைத்த அந்த மண்ணை, ஒரு கலவரத்தில் தோட்டத்தை விட்டு விரட்டியபோது அப்பா மறுபடி முடிந்து எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போனார். அங்கே காடு வெட்டி உண்டாக்கிய காணியில் ஒரு பாலை மரத்தடியில் மேடு கட்டி வைத்தார். பிறகு அங்கேயும் சண்டை வந்து, ஒரு ராத்திரியில் படகேறினோம். அந்த அவசரத்தில் மண்ணை யாரும் நினைக்கவில்லை. எனக்குப் படகும் நினைவில்லை, கடலும் நினைவில்லை. நான் அழுதுவிடாமல் என் வாயைப் பொத்தியிருந்த ஒரு கை மட்டும் நினைவிருக்கிறது. அது அண்ணனுடைய கை.

மதுரைக்கு வந்த கொஞ்ச காலத்தில் அப்பா இறந்துபோனார். மீசை அரும்பாத வயதில் அண்ணன் பெயிண்ட் வேலைக்குப் போனார். என்னைப் படி படி என்றுதான் சொன்னார். எனக்குப் பரீட்சை என்றாலே பயம். எட்டாம் வகுப்போடு நின்று அவருக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பழங்காநத்தத்தில் ஒரே தெருவில் இரண்டு வாடகை வீடுகளில் இருந்தோம். சாரத்தில் ஏறி உச்சியில் பூசுவது அவர், கீழே நின்று கயிறு சரியாக இருக்கிறதா என்று கவலைப்படுவது நான். இப்படியே எங்கள் காலம் போயிற்று. சாமியைப் பற்றி அண்ணன் பேசி நான் கேட்டதில்லை, பேத்தி பிறக்கும்வரை.

எங்கள் வழக்கப்படி பிள்ளைக்கு முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் இறக்கவேண்டும். அண்ணன் மகனுக்கு அது நடக்கவில்லை. அவன் வளர்ந்த காலத்தில் எங்களைக் கேட்பாரில்லை. பேத்திக்கு அப்படி விட முடியவில்லை, ஏனென்றால் மருமகள் வீட்டார் திருமங்கலத்துக்காரர்கள், எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்பவர்கள். பிள்ளைக்கு முடி வளர்ந்து கண்ணை மறைத்தது. ஒரு நாள் சம்பந்தியம்மா வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "சம்பந்தி, ஒங்க சாமி எங்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க. இல்லேன்னா எங்க சாமிக்கு எறக்கிருவோம். பிள்ளையத் தூக்குனா கரடிக்குட்டியத் தூக்குன மாதிரி இருக்கு" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. எங்கே என்று கேட்டால், எழுமலை பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றார் மதினி.

எழுமலைக்கு மேற்கே, கண்மாய்க்கரைக் கருப்பு. அப்பா சொன்னதாக அண்ணனுக்கு நினைவில் இருந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், கண்மாய் கண்மாயாகக் கேட்டுக் கேட்டுக் கோயிலைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த தடவை என்னையும் கூட்டிப்போனார். சுற்றுச்சுவருக்குள் ஒரு பெரிய புளியமரம், அதனடியில் அரிவாள்கள். கோயில் பொறுப்பிலிருந்த பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு வகையறாப்பு?" என்று கேட்டார். அண்ணன் தாத்தாவின் பெயரைச் சொன்னார்.

பெரியவர் விரல் விட்டுத் தலைமுறையை எண்ணிப் பார்த்தார். "கண்டிக்குப் போனவுகளா? எங்கய்யா சொல்லுவாரு. ஆகா, இம்புட்டுக் காலம் கழிச்சு வந்திருக்கீகளே" என்று எழுந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். மோர் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். முடி இறக்கும் பேச்சை எடுத்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒரு சங்கதிப்பு. பிடிமண் எடுத்துட்டுப் போனவுகளுக்கு இங்கன பங்கு கெடையாது. ஒங்க சாமிதான் ஒங்ககூடயே வந்துருச்சுல்ல. இது இன்னைக்கு நேத்து வச்ச கட்டு இல்ல. அந்த மண்ணத் திருப்பிக் கொண்டாந்து இங்க சேத்துட்டீகன்னா, அப்புறம் நீங்களும் பங்காளிதான். ஒங்ககிட்டயும் வரி வாங்குவோம்."

வரி என்பது திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்காளிகளிடம் வாங்குவது. கொடுக்கிறவர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பது. திரும்பிவரும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "நம்மகிட்ட வரி கேப்பாகளாம்டா" என்றார். உசிலம்பட்டி தாண்டி இன்னொரு தடவை சொன்னார். வரி கேட்பதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

அவர் இலங்கைக்குப் போகவேண்டும் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது, கண்ணிவெடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களா, அங்கே வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எந்த ஆஸ்பத்திரி. கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஒனக்குக் கண்ணிவெடி வேணாம்டா, ஒன் நெஞ்சே போதும்" என்றார் அண்ணன். அவர் கொண்டுபோனதில் முக்கியமானது ஒரு புது மஞ்சள் துணி. மதினி துவைத்து, மடித்து, கற்பூரம் வைத்துக் கொடுத்தது.

வன்னி ரோட்டில் வேன் போகும்போது அண்ணன் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "இப்ப ஒரு பாலம் வரும், எறங்குனா பள்ளிக்கூடம்" என்பார். பாலம் வராது. "பழைய பாலம் இப்ப இல்லை அண்ணை. இதெல்லாம் பிறகு போட்டது" என்பார் வேன்காரர். "அப்ப அங்கிட்டு ஒரு கடை இருக்கும்" என்பார் அண்ணன். ரோடு வழுவழுவென்று புதிதாக இருந்தது. அதுதான் அவருக்குத் தொந்தரவாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. குண்டும் குழியுமாக இருந்திருந்தால் ஏதாவது ஒன்றாவது அவருக்குத் தெரிந்ததாக இருந்திருக்கும். காட்டோரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் காலைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன், வேனுக்குள் இருக்கிறோம் என்பதை மறந்து.

பக்கத்துக் காணிப் பெரியம்மா அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார். பல்லைப் பார்த்தாராம், அப்பாவின் பல்லாம். எங்கள் மலைநாட்டு ஆட்களில் வன்னியிலேயே தங்கிவிட்டவர் அவர். தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் தந்தார். சுவரில் மாலை போட்ட இரண்டு படங்கள் இருந்தன, இரண்டும் இளவயதுப் பையன்கள். கேட்கவேண்டும் என்று தோன்றியது, கேட்கவில்லை. மண்ணைப் பற்றி அண்ணன் சொன்னபோதுதான் அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "வந்து பாருங்க தம்பி" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார்.

பாலை மரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். அடியில் தண்ணீர், கரையில் நாணல். "கடைசிச் சண்டையில மறைஞ்சு நின்னு சுடுறதுக்கு மண் அணை கட்ட இங்கனதான் டோசர் போட்டு அள்ளினாங்க" என்றார் பெரியம்மா. "யாரு அள்ளினாங்கன்னு கேக்காதீங்க. ரெண்டு பக்கமுந்தான் அணை கட்டினாங்க. நாங்க அப்ப ஓடிக்கிட்டிருந்தோம். திரும்பி வந்தா மரமும் இல்ல, மேடும் இல்ல. இந்தக் குழிதான் இருந்திச்சி."

"அந்த அணை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"அதையும் இடிச்சிட்டாங்க. ரோட்டுக்குப் போட்டாங்க, வயலுக்குப் போட்டாங்க. எங்கெங்க போச்சோ."

நாங்கள் ஏறிவந்த ரோட்டை அண்ணன் திரும்பிப் பார்த்தார். எழுமலையில் எடுத்து, மலைக்குப் போய், வன்னிக்கு வந்த ஒரு பிடி மண், சண்டைக்காரர்கள் மறைந்து நின்று சுட்ட சுவராகி, அதன் பிறகு எதன் அடியிலோ கிடக்கிறது. ஒருவேளை அதன் மேல்தான் வேனை ஓட்டி வந்தோம். வேன்காரர் இருமிவிட்டு, "எல்லாம் இந்தக் காணி மண்தானே அண்ணை, கரையில ஒரு பிடி எடுங்கோவன்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எழுமலையிலிருந்து வந்தா பார்க்கப்போகிறார்கள்?

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். "அண்ணே, வேணாம்ணே" என்று நான் கரையிலேயே நின்று சொன்னேன். சரிவில் குந்தி, கையால் தோண்டி, ஒரு பிடி அள்ளினார். மஞ்சள் துணியை விரித்து அதில் போட்டார். போட்டுவிட்டு விரலால் மண்ணை நிரவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மண்ணுக்குள் ஒரு சட்டைப் பொத்தான். நூல் அறாமல், அதோடு ஒட்டிய துணித் துணுக்குடன். அதை விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு மண்ணையும் பொத்தானையும் எடுத்த குழியிலேயே போட்டு, உள்ளங்கையால் அமுக்கி மூடிவிட்டு ஏறிவந்தார்.

"என்னண்ணே?" என்றேன்.

"இது வேற யாரோ ஒருத்தருக்குச் சொந்தமான மண்ணுடா. இதக் கொண்டுபோயி நம்ம சாமின்னு சொல்லிப் பிள்ளைக்கு முடி எறக்க மாட்டேன்."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதி. ஏர்போர்ட்டில் மண்ணைப் பார்த்து என்ன கேட்பார்களோ என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன், இனி அது இல்லை. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அண்ணன் துணியை உதறி, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வவுனியா வரை பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

மாசித் திருவிழாவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுமலைக்குப் போனோம். சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள். பெரியவரின் முன்னால் அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஏதாவது ஒரு மண்ணைக் கொடுத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பங்காளிகள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினார்கள். சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பெரியவர் திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"நீங்க பொய் சொல்லலப்பு, அதுக்கே ஒங்களக் கும்பிடணும். ஆனா மண்ணு வராமப் பங்கு குடுத்தா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். பிள்ளை முடிக்கு ஒரு தடையும் இல்ல. சாமி எல்லாத்துக்கும் பொது. செவுத்துக்கு வெளிய வச்சு நல்லா எறக்கிட்டுப் போங்க."

பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுவருக்கு உள்ளே புளியமரத்தடியில் இறக்குவார்கள். வேண்டிக்கொண்டு வரும் வெளியாட்களுக்குச் சுவருக்கு வெளியே. சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார். "எங்கிட்டு எறக்குனா என்ன சம்பந்தி, கருப்பு செவுத்தத் தாண்டிப் பாக்க மாட்டாரா?" என்று பிள்ளையை வாங்கி அண்ணன் மடியில் உட்காரவைத்தார். அந்த அம்மாவைப் பற்றி நான் மனதுக்குள் எவ்வளவோ குறை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர்தான் எங்களைத் தாங்கினார். பிள்ளை அழவில்லை. விழுந்த முடியை அண்ணன் அந்த மஞ்சள் துணியில் ஏந்திக்கொண்டார். அவள் இப்போது ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

கிடா வெட்டிச் சமையல் முடிந்தது. பங்காளிகள் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தி வைக்க இறங்கினார்கள். அண்ணனும் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஒரு சோற்று வாளியைத் தூக்கினார். வாளி தூக்கிப் பழகிய கை. ஒரு பையன் ஓடிவந்து பதறிப்போய் அதை வாங்கிக்கொண்டான். "அண்ணே, விடுங்கண்ணே. நீங்க விருந்தாளி. மொதப் பந்தில ஒக்காருங்க."

"நான் கடைசியாச் சாப்புட்டுக்கிறேன் தம்பி."

"கடைசிப் பந்தி எங்காளுகளுக்குண்ணே. ஒங்கள நிக்க வச்சா ஊரு எங்களத்தான் ஏசும்."

பெரியவரே வந்து அண்ணனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "கண்டிக்காரவுகளுக்கு நல்ல கறியா அள்ளி வைங்கப்பா" என்றார். அள்ளி வைத்தார்கள். அவர்கள் காட்டிய மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அண்ணன் தலை குனிந்து சாப்பிட்டார். எங்களுக்கு எதிரே பங்காளிகள் வாளிகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். "மாப்ள, ஒனக்கு எலும்பு கூட மிஞ்சாதுடா" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பசியோடு. அண்ணன் இடையிடையே நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அந்த ஆட்களோடு தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றில் அடிச்சட்டிக் குழம்பை ஊற்றித் தின்பதற்காகத்தான் அவர் கடல் தாண்டிப் போய்வந்தார்.