மிஷின் எடுத்த பதினோரு பேர்

சந்திரமோகன் ஓர் ஆளை அணியிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. அணி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களின் கால்பந்து அணி. ஆண்டுதோறும் இலாகாக்களுக்குள் நடக்கும் போட்டியில் இறங்கும், இரண்டாவது சுற்றில் தோற்கும், தோற்ற கையோடு அடுத்த வருஷ ஜெர்சி எந்த நிறம் என்று சண்டை போட்டுக்கொள்ளும். அந்த அணிக்கு அவன் மேனேஜர். நீக்க வேண்டிய ஆள் யோகராஜ், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். சந்திரமோகனின் மனைவி ஜெயராணிக்கு உடன்பிறந்த அண்ணன்.

யோகராஜுக்கு முட்டி போய் இரண்டு வருஷமாகிறது. எதிரணிப் பையன்கள் அவனைத் தாண்டிப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்கள், போக்குவரத்துத் தீவைச் சுற்றுவது போல. சென்ற ஆண்டு வாங்கிய நான்கு கோலும் இடது பக்கமாகத்தான் வந்தன. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் இவர்கள் மூவரும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களை அரசாங்கம் அங்கேதான் குடியமர்த்தியிருந்தது. கடல் உள்ளே வந்த அந்தக் காலையில் ஜெயராணியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியவன் யோகராஜ். முட்டி அப்போது நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு போர்ட் பிளேர் வந்து, முகாமில் இருந்து, புரோத்ராபூரில் ஒரு வீடு பிடித்து, துறைமுகத்தில் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். சந்திரமோகன் மெதுவாக ஃபோர்மேன் ஆனான். எந்தச் சுமை கப்பலின் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. சிமெண்டு அடியில், வெங்காயம் மேலே, யாருடைய பீரோ என்றாலும் நடுவில். ஆட்களை எந்த மூலையில் உட்கார வைப்பது என்பதுதான் அவனுக்கு வராது. ஒவ்வொரு வருஷமும் யோகராஜ் பெயரை முதலில் சொல்லிவிட்டு, மிச்சம் பத்துப் பேருக்கு மற்றவர்களைச் சண்டை போட விட்டுவிடுவான்.

இந்த நிலையில்தான் செந்தமிழன் வந்தான். திருநெல்வேலிக்காரன், மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலகக் கிளார்க். கால்பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் இங்கிலாந்துக் கிளப்புகளில் யாருக்கு எந்தத் தொடையில் பிடிப்பு என்பது வரை சொல்வான். வந்த மழைக்காலத்திலேயே ஃபேன்டஸி லீக் ஒன்று தொடங்கினான். விஷயம் எளிது. அங்கே நிஜ ஆட்டக்காரர்கள் விளையாடுவார்கள். இங்கே ஆளுக்குப் பதினைந்து பேரைப் பொறுக்கி இது என் அணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே கோல் போட்டால் நமக்கு இங்கே புள்ளி. ஒருவன் எடுத்த ஆளை இன்னொருவன் எடுக்க முடியாது.

"எட்டுப் பேர் வேணும் அண்ணாச்சி, ஏழு பேர்தான் இருக்கு. சும்மா பேருக்கு இருங்க" என்று சந்திரமோகனின் போனை வாங்கி அவனே சேர்த்தும் விட்டான். "சனிக்கிழமை சாயங்காலம் டிராஃப்ட். மறந்துராதீங்க. நீங்க வரலைன்னா மிஷினே பாத்துக்கிடும், ஆனா வந்துருங்க."

சனிக்கிழமை சாயங்காலம் சந்திரமோகன் மறக்கவில்லை. தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அதன் பக்கவாட்டில் எழுதிய எண்களை வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு அந்த இடத்தில் டிராஃப்ட் என்று பெயர். இருபது வருஷம் அங்கே நின்றாலும் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. விடுமுறை நாளில் ஒரு கிளார்க்குக்கு எதற்குக் கப்பலின் டிராஃப்ட் என்று அவனுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அலுவலகத்தில் கேட்பவற்றுக்கெல்லாம் காரணம் தேட ஆரம்பித்தால் வேலை நடக்காது. முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், செந்தமிழனுக்குச் செய்தி அனுப்பினான்: முன்னால ஆறு, பின்னால ஆறரை, லேசா இடது சாய்வு.

அந்நேரம் மற்ற ஏழு பேரும் அலுவலகத்தில் ஒற்றைக் கணினியையும், வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும் போன்களையும் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். தீவின் இன்டர்நெட் வானத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியது. மழை பெய்தால் அது திரும்புவதே பெரிய விஷயம். செந்தமிழன் செய்தியைச் சத்தமாகப் படித்தான்.

"யே கோட் ஹை க்யா?" என்றான் மண்டல். வங்காளி, கிரேன் ஓட்டுபவன், துறைமுக அணியின் கோல்கீப்பர். ரகசியக் குறியீடு என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. சந்திரமோகன் அவனுக்கு மோகன் தா, அதாவது மோகன் அண்ணன். "ஆறு, ஆறரை, இடது. மோகன் தா எவனையோ குறி வெச்சிட்டாரு. லெஃப்ட் சைடு ஆளை எவனும் விடாதீங்க."

அந்தப் பீதியில் இரண்டு பேர் இடது பக்க ஆட்டக்காரர்களாக வாரிக்கொண்டார்கள். மண்டல் முதல் சுற்றிலேயே கோல்கீப்பரை எடுத்தான், இரண்டாவது சுற்றில் இன்னொரு கோல்கீப்பரை எடுத்தான். உலகத்தில் வேறு யாரும் உழைப்பதில்லை என்பது அவன் கட்சி. செந்தமிழன் தன் அபிமானக் கிளப்பின் முன்வரிசைக்காரர்கள் மூவரையும் எடுத்து முடித்தபோது நெட் போய்விட்டது.

திங்கட்கிழமை சந்திரமோகனைப் பார்த்ததும் செந்தமிழன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, எந்த டிராஃப்டுக்குப் போனீங்க? ஆளைப் பொறுக்குறதுக்குப் பேருதான் டிராஃப்ட்டு."

"அதுக்கு எதுக்குப்பா கப்பல் வார்த்தை?"

"இப்போ உங்க அணி பூராவும் மிஷின் எடுத்தது."

"மிஷின் எப்படி எடுக்கும்? அதுக்கு ஆட்டம் தெரியுமா?"

"ஒரு மண்ணும் தெரியாது. சொல்லுதேன் கேளுங்க. அதுகிட்ட ஒரு வரிசை இருக்கு, யாரு பெரிய ஆளு, அடுத்து யாருன்னு. உங்க முறை வரும்போது நீங்க இல்லைன்னா, மிச்சமிருக்கிறதுல மேல இருக்கிறவனை எடுத்துரும். ஆனா முன்வரிசைக்கு மூணு இடம்தான். மூணும் நிரம்பிட்டா நாலாவது எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் தாண்டிப் போயிரும். தடுப்புக்கு அஞ்சு, நடுவுக்கு அஞ்சு, கோலுக்கு ரெண்டு. எங்க காலியோ அங்கதான் கண்ணு. அதுக்குப் பிடிச்ச கிளப்பு கெடையாது, ஊர்க்காரன் கெடையாது."

"மச்சானும் கெடையாது" என்றான் சந்திரமோகன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

அவனுக்கு அது சரக்கு ஏற்றுவது போலத்தான் பட்டது. நல்ல சரக்கு என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்தால் கப்பல் சாயும். போனைப் பையில் போட்டுக்கொண்டு போனவன் அதன்பிறகு தன் அணியைத் திறந்தே பார்க்கவில்லை. பார்க்காததால் மாற்றவும் இல்லை. மற்றவர்கள் வாரம் ஒருமுறை ஆளை மாற்றி, மாற்றிய ஆள் உட்கார்ந்திருக்க, விட்ட ஆள் கோல் போட, நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மழை ஓய்ந்து டிசம்பர் வந்தபோது லீக்கில் முதலிடத்தில் நின்றது சந்திரமோகன்.

"நான் எடுக்கல, மிஷின்தான் எடுத்துச்சு" என்று அவன் கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பெரிய மனுஷன் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவான் என்றார்கள். கேண்டீனில் டீ முதலில் அவனுக்கு வந்தது. கட்டணச்சீட்டுக் கவுண்டர்காரர் ஒருவர் தன் மகளுக்கு நர்சிங் எடுப்பதா பி.காம் எடுப்பதா என்று அவனைக் கேட்டார். நடுவில் எது காலியோ அதை எடுக்கச் சொல்லி அனுப்பினான். அவர் அதையும் யோசித்துக்கொண்டே போனார்.

ஜனவரியில் நிஜப் போட்டி நெருங்கியது. துறைமுக அணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்து மூன்று பேர், அதில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் பதிமூன்று பேர். தெலுங்கர்கள் தங்களுக்கு மூன்று இடம் என்றார்கள், மலையாளிகள் போன வருஷம் விட்டுக்கொடுத்ததை நினைவுபடுத்தினார்கள், ராஞ்சிக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் கோபமாக நின்றார்கள். கடைசியில் மண்டல்தான் சொன்னான்: "மோகன் தா, உங்க மிஷினை வெச்சே எடுங்க. மிஷின் எடுத்தா ஹம்கோ மஞ்சூர்."

எல்லோருக்கும் மஞ்சூர், அதாவது சம்மதம். சந்திரமோகனுக்கு உள்ளுக்குள் ஒரு கப்பல் கட்டவிழ்ந்தது போல் இருந்தது. மிஷின் எடுக்கட்டும். மிஷின் யோகராஜை விடட்டும். ஜெயராணி மிஷினிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செந்தமிழன் கணினியில் இருபத்து மூன்று பெயரையும் அடித்தான். கோலுக்கு ஒன்று, தடுப்புக்கு நான்கு என்று இடங்களைப் போட்டான். பிறகு நாற்காலியைத் திருப்பினான்.

"மார்க்கு சொல்லுங்க அண்ணாச்சி. பத்துக்கு."

"என்ன மார்க்கு?"

"ஆளுக்கு ஆளு மார்க்கு. யாரு பெரிய ஆளுன்னு வரிசை வேணும்லா? இங்கிலாந்துக்காரனுக்கு அவங்களே போட்டு வெச்சிருந்தாங்க. நம்ம பயலுகளுக்கு யாரு போடுவா?"

"அப்போ மிஷின் எதுக்கு?"

"நீங்க சொன்னதைக் கேட்டு நடக்குறதுக்கு" என்றான் செந்தமிழன்.

சந்திரமோகன் வெளியே எட்டிப் பார்த்தான். கிரேனில் மண்டல் தூங்கிக்கொண்டிருந்தான். ஓடிப்போக இடமில்லை, நாலாபக்கமும் கடல். ஒவ்வொரு பெயராக மார்க்கு சொன்னான். மண்டலுக்கு எட்டு. ராஞ்சிப் பையன் ஒருவனுக்கு ஒன்பது, அவன் ஓடினால் பந்து பின்னால்தான் வரும். யோகராஜ் பெயர் வந்ததும் தண்ணீர் குடித்தான். ஏழு என்று சொல்லலாம். ஏழு சொன்னால் மிஷின் தடுப்பில் முதல் ஆளாக அவனை எடுத்து வைக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மறுபடி இடது பக்கம் திறந்துகொள்ளும்.

"மூணு" என்றான்.

"பத்துக்கா?"

"போடுப்பா."

பதினோரு பேர் வந்தார்கள். முன்வரிசையில் இரண்டே இடம் என்பதால் பதினோரு சென்டர் ஃபார்வேர்டுகள் வெளியே போனார்கள். தடுப்பில் நான்கும் நிரம்பின, யோகராஜ் இல்லாமல். காகிதத்தைச் சரக்குக் கொட்டகைச் சுவரில் ஒட்டியபோது கூட்டம் கூடியது. "மிஷின் எடுத்துச்சு" என்றான் சந்திரமோகன், பொதுவாக. இந்த முறை எல்லோரும் நம்பினார்கள். மிஷின் தெலுங்கனைப் பார்க்கவில்லை, மலையாளியைப் பார்க்கவில்லை என்று பாராட்டிக்கொண்டே கலைந்தார்கள். யோகராஜ் அன்று லீவு.

சாயங்காலம் சந்திரமோகன் வீட்டுக்குப் போனபோது யோகராஜ் முன்னறையில் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செய்தி பஸ்ஸுக்கு முன்பே வந்துவிட்டது. ஜெயராணி சமையலறையில் மீனை வழக்கத்தைவிடச் சத்தமாகப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள், திரும்பாமல். "உங்க மிஷினு நல்லாருக்கா?"

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான்.

"பத்து வருஷமா ஆடுறவன். மிஷினுக்கு எப்படிங்க தெரியும் எங்கண்ணனை? கச்சால்ல இருந்துச்சா அது?"

"விடு ஜெயா" என்றான் யோகராஜ். "மிஷின் எடுத்ததுக்கு அவன் என்னா பண்ணுவான். அது எவனையும் பாக்காது. டீக் ஹை."

அத்தோடு முடிந்திருக்கும். சந்திரமோகன் ஆம் என்று தலையாட்டினால் போதும், நெடுநாள் நிம்மதி. தலையாட்டத்தான் நினைத்தான். தைல வாசம் மூக்கில் ஏறியது. அந்தக் கையைப் பார்த்தான். கொத்தாக முடியைப் பிடித்த கை.

"மிஷின் இல்ல மச்சான்" என்றான். "மார்க்கு நான்தான் போட்டேன்."

அடுப்பில் சத்தம் குறைந்தது. ஜெயராணி கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"எத்தனை?" என்றான் யோகராஜ்.

"பத்துக்கு மூணு."

யோகராஜ் தைலப் பாட்டிலை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினான். "மூணு" என்று தனக்கே சொல்லிப் பார்த்தான்.

"முட்டிக்குப் போட்ட மார்க்கு மச்சான். உனக்கு இல்ல."

"முட்டியைக் கழட்டி வெச்சிட்டா ஆடுறேன்? சரி. போன வருஷம் அந்தப் பொடியன் என்னைச் சுத்திட்டுப் போனப்பவே தெரியும். நீ வாயைத் தொறந்து சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன். இந்த வருஷம் நானே போயி ஆடலன்னு சொல்லிருக்கணும். சொல்ல வரல." பிறகு நிமிர்ந்தான். "மண்டலுக்கு எத்தனை போட்ட?"

"எட்டு."

"எட்டா?" யோகராஜின் முகத்தில் அன்று முதன்முறையாக நிஜமான வலி தெரிந்தது. "அந்தத் தூங்குமூஞ்சிக்கு எட்டா? போன வருஷம் காலுக்கு நடுவுல விட்டானே ஒரு பந்து, அது யாரு விட்டது, நானா?"

"அது ஒண்ணுதான் மச்சான்."

"ஒண்ணா? ஜெயா, நீ அன்னிக்கு மைதானத்துல இருந்தல்ல, சொல்லு. ஒண்ணா?"

ஜெயராணி யோசித்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு" என்றாள். "ரெண்டாவது ஒண்ணு கையிலேருந்து நழுவுச்சு. எட்டு ஜாஸ்திதாங்க. ஆறு போட்டிருக்கலாம்."

"அஞ்சரை" என்றான் யோகராஜ்.

"வேற கோல்கீப்பர் இல்லியே மச்சான், இருக்கிறதுல அவன்தானே."

"அதுக்காக எட்டா?"

ஜெயராணி மூன்று தட்டை வைத்தாள். மண்டலின் மார்க்கு ஏழுக்கு இறங்குவதற்குள் மீன் ஆறிவிட்டது.