அண்ணனுக்குச் சூடாகப் போன சோறு

விளையாடுகிற பையன், எதைச் செய்து வைத்தாலும் வேண்டாம் என்கிறான், என்ன கொடுக்கலாம் என்று யோசனை கேட்டு இப்போதும் யாராவது என்னிடம் வருகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு பந்தாட்டக்காரன் இருந்தான், அவனுக்குப் பொங்கிப் போட்டே எங்கள் அம்மா பேர் வாங்கினாள், அந்தக் கைப்பக்குவம் எனக்கும் வந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நானும் சொல்கிறேன். அவலை நனைத்துக் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கொடு, எள்ளுருண்டை பிடித்து வை, சிறுகிழங்கை அவித்து மிளகுப்பொடி தூவிக் கொடு என்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது. கேட்க வந்தவளுக்கு ஏன் என்று தெரியாது, பாவம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அண்ணன் தென்காசியில் பையன்கள் பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் கோஷ்டியில் இருந்தான். வெறுங்காலால் பந்தை உதைப்பான். நன்றாகத்தான் ஆடுவான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாக்கு இருக்கிறதே! கத்தரிக்காயில் விதை தட்டுப்பட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். கீரையை மாட்டுக்குப் போடச் சொல்லுவான். காணம் என்கிற கொள்ளை வறுத்துத் துவையல் அரைத்தால் அது குதிரைத் தீனி என்பான். குதிரை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தாயா என்று அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சுவாள். பழையது மட்டும் கூடவே கூடாது. விளையாடுகிறவன் பழையது குடித்தால் கால் கனத்துப்போகும் என்று அவனுடைய டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டாராம். அந்த மாஸ்டர் தன் வீட்டில் காலையில் என்ன குடித்தார் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பழையதும் சுண்டவைத்த குழம்பும்தான்.

சாரல் காலம் வந்துவிட்டால் இன்னும் மோசம். சாயங்காலம் ஆடி முடித்துவிட்டு கோஷ்டி முழுவதும் குற்றாலத்துக்கு நடந்துபோய் அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும். அருவியில் குளித்தவன் பசியைக் கேட்க வேண்டுமா? அம்மா உளுந்தவடையைச் சுட்டுச் சுட்டுப் போடுவாள், நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். மற்ற பையன்கள் போட்டதையெல்லாம் தின்பார்கள். இவன் மட்டும் ஒரு வடையைப் பிட்டு மிளகைப் பொறுக்கிப் பொறுக்கித் தரையில் வைப்பான். கடைசியில் எண்ணெய்ச் சட்டியை வழித்து வைக்கும்போது எனக்கு மிஞ்சுவது வடையின் வாசனை.

எல்லாவற்றுக்கும் மேலே, மத்தியானச் சோறு சூடாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி வர வேண்டும். வரவில்லையென்றால் சோற்றைக் காக்கைக்குக் கொட்டிவிட்டு, பட்டினியோடு ஆடி, வீட்டுக்கு வந்து தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுவான். அம்மா அழுவாள். ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் பள்ளிக்கூடம் ஊரின் ஒரு கோடியில், அவனுடையது மறு கோடியில், வீடு நடுவில். மத்தியான மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓட வேண்டும். அம்மா கொதிக்கக் கொதிக்க வடித்துப் பித்தளைத் தூக்குச்சட்டியில் போட்டுத் தருவாள். அதை வாங்கிக்கொண்டு அவனிடம் ஓட வேண்டும். அவன் தின்றுவிட்டு மிச்சம் வைத்ததை வழியில் வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி மணி அடிப்பதற்குள் என் வகுப்புக்கு ஓட வேண்டும். வெறும் ஓட்டமா அது? பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் சாரல் காற்று ஆளைப் பிடித்துப் பின்னால் தள்ளும். பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, தூக்குச்சட்டி ஆடாமல் நெஞ்சோடு அணைத்து, தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன். ஈரத்தெருவில் வழுக்கினாலும் சட்டியைக் கீழே விட்டதில்லை. கடைத்தெருவில் எனக்காக வண்டியை ஒதுக்குவார்கள். அண்ணன் சோறு போகுது, வழிவிடுங்க என்பார்கள். பொறுப்பான பிள்ளை என்று அம்மாவிடம் வந்து மெச்சிவிட்டுப் போனவர்களும் உண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் ஓடியது அன்றுதான் எனக்கு முதல் தடவை. காற்றில் பறக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் பாதியில்தான் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் டீச்சர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் பல ஊர்ப் பெண்களும் ஓடப்போகிறார்கள், உன்னை ரயிலில் கூட்டிப்போகிறேன் என்றார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. வீட்டில் சொன்னேன். அப்பா ம் என்றார். அண்ணனுக்கு ஒரு முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, அவனைக் குடிக்கவைக்கிற பாட்டில் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

பாளையங்கோட்டைக்குப் போவதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன்.

பின்கட்டில் ஒரு மூலையில் ஓலைத் தட்டி கட்டி உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த உபசாரத்தைச் சொல்லவா? காலையில் எழுந்ததும் நல்லெண்ணெயோடு ஒரு பச்சை முட்டை. பிறகு உளுந்தங்களி. கருப்புளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, சூட்டோடு உருட்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெயை ஊற்றி அம்மா கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடு சாப்பிடு என்று பக்கத்திலேயே நின்றாள். ஆவி பறந்தது. ஆவி பறக்கிற ஒரு சாப்பாடு எனக்கென்று வந்தது அன்றைக்குத்தான். இத்தனை நாளும் ஓடி ஓடித் தேய்ந்த காலுக்குக் கிடைக்காத எண்ணெயும் முட்டையும், அந்தக் காலை மடக்கி உட்கார வைத்த பிறகு கிடைக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தின்றேன். பசி கோபத்துக்காகக் காத்திருக்கவில்லை, ஒரு விள்ளல்கூட மிச்சம் வைக்கவில்லை.

தின்றுவிட்டுக் கேட்டேன். "ஏம்மா, இம்புட்டுப் பலம் எனக்கு எதுக்கு?"

"இடுப்புக்குத்தான்ட்டி. நாளைக்குப் பிள்ளை பெற வேண்டாமா?"

அண்ணன் அந்த வாரம் எதிலும் வாய் வைக்காமல் மெலிந்து கிடந்தான். களியில் கொஞ்சம் எடுத்து அம்மா அவனிடமும் நீட்டிப் பார்த்தாள். உளுந்தைப்போல் எலும்புக்குப் பலம் எது, ஓடி ஆடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. அவனுக்கு வந்ததே கோபம். "எனக்கு எதுக்கு இது? நான் என்ன சமைஞ்சா உக்காந்திருக்கேன்?" என்று தட்டை ஒதுக்கிவிட்டான். பொட்டப்பிள்ளை தின்கிறதைத் தின்றான் என்று தெரிந்தால் கோஷ்டியில் தலைகாட்ட முடியாதாம். ஓடத் தேவையில்லாதவளுக்குத் தின்னக் கொடுத்தார்கள், ஓட வேண்டியவன் அதைத் தொடமாட்டேன் என்றான். இப்படி ஒரு வீட்டை எங்கே போய்ச் சொல்ல?

டீச்சர் வீடு தேடி வந்தார். சடங்கு முடிந்ததும் அனுப்பிவையுங்கள், நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மன்றாடினார். நான் தட்டிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போடச் சொன்னார், கருப்பட்டிக் காப்பி கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார். "சமைஞ்ச பிள்ளைங்க டீச்சர். ஓடுனா ஊரு சிரிக்கும்லா?" டீச்சர் காப்பியைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போனார். பந்தயத்தோடு பள்ளிக்கூடமும் போயிற்று.

சடங்கு முடிந்து நான் அடுப்படிக்கு வந்தேன். அண்ணன் சோற்றை வயல்வேலைக்கு வருகிற பெரியவர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். அவர் நடக்கிற நடையில் நடந்தார், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சோறு ஆறிப்போய்ச் சேர்ந்தது. அண்ணன் கொட்டிவிட்டுப் பட்டினியோடு வந்து குதித்தான். அம்மா மறுநாள் இன்னும் கொதிக்கவிட்டு வடித்தாள். அப்போதும் ஆறித்தான் போயிற்று. மூடி சரியில்லை என்று அப்பா வேறு மூடி வாங்கிவந்தார். அதிலும் ஆறியது. ஒரு சாயங்காலம் அம்மா, அப்பா, அண்ணன் மூன்று பேரும் அந்தத் தூக்குச்சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா அதற்குச் சாக்குத்துணியைச் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா மோவாயில் கைவைத்துக்கொண்டு சொன்னாள். "அதே அரிசி, அதே சட்டி. இவ கொண்டுட்டுப் போகையில ஆவி பறந்துச்சே. இப்ப மட்டும் ஏன் ஆறுது?"

குழவியை நிறுத்தினேன். "நான் ஓடிக் கொண்டுட்டுப் போனேம்மா. தினமும் ஊருக்கு நடுவுல ஓடுனேன். ஒருத்தரும் சிரிக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா தலை நிமிரவில்லை, ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார். அண்ணன் எழுந்து, நாளைக்காவது சூடாக வரட்டும் என்று சொல்லிவிட்டுப் பந்து விளையாடப் போனான்.