சாவியைச் சின்னப்பொண்ணிடம் கொடுத்த தெரு

புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் சின்னப்பொண்ணு அக்காவோடு பேசுகிற ஒரே ஆள் நான்தான். அதுவும் பாசத்தால் அல்ல. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் பேசினால் எனக்குக் கேட்கும், பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

அக்கா கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை. கெட்டவளா என்றால் இல்லை. வாய்தான். எதிர் வீட்டு ஜோதிலட்சுமி தன் மகள் சிநேகாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது, தாய்மாமன் போட்ட கம்மலைப் புரட்டிப் பார்த்து, "இது கவரிங்தான?" என்று சபையில் கேட்டுவிட்டாள். கவரிங்தான். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஜோதி பேசுவதில்லை. ஜோதி பேசாததால் தெருவும் பேசுவதில்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து வைஷாலி என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். கூலிக்காரர்கள் சேர்த்துவைக்க ஆசைப்பட்டும் ஏன் முடிவதில்லை, பற்றாக்குறைக் கவலையில் மனசு எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்கிறார்களாம். இதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். குலுக்கல் போட்டார்கள். பாதி வீட்டுக்குச் சும்மா தகர உண்டியல், மீதி வீட்டுக்குப் பூட்டு வைத்தது. பூட்டு உண்டியலின் சாவியை நம்பிக்கையான வேறொருவரிடம் விட்டுவைக்க வேண்டும். கேட்டால் அவர் மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். எனக்குப் பூட்டில்லாதது விழுந்தது. அது எப்போது நிறைந்தது, எப்போது காலியானது என்று எனக்கே தெரியாது.

பூட்டு விழுந்த வீடுகள் எல்லாம் யார் பெயரைச் சொன்னார்கள் தெரியுமா? சின்னப்பொண்ணு. வைஷாலிதான் சாவிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னை நம்பியா கொடுத்திருக்கிறார்கள் என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் குழப்பம்தான். வேலை முடிந்து வந்ததும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து உட்காருவாள். யாராவது சாவி கேட்டு வருவார்கள், வந்தால் இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பு. யாரும் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து வைஷாலி திரும்பி வந்தாள். ஒரு பூட்டுகூடத் திறக்கப்படவில்லை என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். குழாயடியில் ஜோதியிடம் காரணம் கேட்டாள்.

"வேற யார்கிட்ட இருந்தாலும் போய் வாங்கினு வந்துடுவேன்" என்றாள் ஜோதி. "அந்தம்மா வூட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன். அதான் அங்க குட்தேன்."

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். பின்னால் குடத்தோடு வந்துகொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சண்டை போடுவாள் என்று பயந்தேன். போடவில்லை. வைஷாலியிடம் மட்டும், "அப்போ என்ன நம்புறாங்களா, இல்லியாம்மா?" என்றாள். அந்தப் பெண் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

கோடையில் ஒரு சாயங்காலம் சின்னப்பொண்ணு அக்கா வீட்டுக்கு ஜோதி வந்தாள். அவள் அண்ணன் வீட்டில் கிரகப்பிரவேசம். கவரிங் கம்மல் போட்ட அதே அண்ணன்தான். சீர் வைக்காமல் போனால் சொந்தத்தில் தலைகாட்ட முடியாது. உண்டியலில் இருந்ததோ சிநேகாவின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்தது. "அக்கா" என்று அவள் கூப்பிட்டது சுவர் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஜோதி சாவியைக் கேட்டாள்.

"குடுக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "பொண்ணு படிப்புக்குன்னுதான வெச்ச? அதுல கை வெக்க உனக்கு இன்னா உரிமை கீது? போ."

"என் டப்பு அது. கேட்டா குட்துடணும்னுதான பேச்சு?"

ஜோதி கேட்டது நியாயம்தான். ஆனால் அக்கா மசியவில்லை. ஜோதி வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே போனாள். வெறுங்கையோடு போக மனமில்லாமல் அந்த விசேஷத்துக்கே போகவில்லை; அண்ணன் இப்போது அவளோடு பேசுவதில்லை. தகர உண்டியல்தானே, ஒரு கல்லை எடுத்து உடைத்திருக்கலாம். அதை மட்டும் அவள் ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சிநேகா செங்கல்பட்டில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். பணம் கட்டும் சமயத்தில் வைஷாலி வந்து அக்காவிடம் சாவியை வாங்கி ஜோதியிடம் கொடுத்தாள். மறுத்தது ஒப்பந்தத்துக்கு விரோதம், ஜோதியின் உண்டியலை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று வருத்தப்பட்டாள். ஜோதி நன்றியும் சொல்லவில்லை. கோலம் போடும்போதுகூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

நல்லதுதானே செய்தாய், ஏன் இப்படி வாடிப்போய் இருக்கிறாய் என்று அக்காவைக் கேட்டேன்.

"தெரிலம்மா" என்றாள். "அக்கான்னு கூப்ட்டுகினு உள்ள வந்தா. பேசதான் வந்துக்கீறான்னு காபிக்குப் பால வெச்சேன். அது பொங்கறதுக்குள்ள சாவிய கேட்டுட்டா."