ஜெராக்ஸ் கடை ஐயம்பெருமாளின் ஜப்பான் பாட்டு

இருபது பக்கத்துக்கு மேல் நகலெடுக்கக் கொடுத்தால் ஐயம்பெருமாள் அண்ணாச்சி பாட ஆரம்பித்துவிடுவார். இயந்திரத்தின் மூடியை இடது கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் பக்கம் புரட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் போய்வரும் வேகத்துக்குத் தக்கபடி பாடுவார். "அமே நோ அஸா... மத்தே, மத்தே யோ..." மூக்கில் பாதி, தொண்டையில் பாதியாக வரும் குரல். பத்திரமும் பட்டாவுமாக நிற்கும் வக்கீல் குமாஸ்தாக்களில் புதியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் பார்க்கமாட்டார்கள். பல்லவி முடிவதற்குள் ஒன்பது நகல் விழுந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது கடை. அண்ணாச்சிக்கு வயது அறுபத்திரண்டு. நெற்றியில் திருநீறு, அதற்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி. காகிதக் கட்டை மேசையில் நான்கு பக்கமும் தட்டிச் சீர்செய்யாமல் எவரிடமும் கொடுக்கமாட்டார். அவசரம் என்று பிடுங்கினால், "வே, கோணலா இருந்தா ஜட்ஜு நம்மளைத்தான் கோணலாப் பாப்பாரு" என்பார். இயந்திரத்தில் தாள் சிக்கினால் திட்டமாட்டார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எங்கன மாட்டிக்கிட்ட, சொல்லு" என்று பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டு, பைய உருவி எடுப்பார்.

அப்படி உருவிய ஒரு தாளில்தான் அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது.

மஹாலக்ஷ்மி என்ற பெண் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்தாள். நர்ஸிங் முடித்துவிட்டு, ஜப்பானில் வேலைக்குப் போவதற்காக அந்த மொழி படிக்கிறவள். வகுப்பில் எல்லாருக்கும் கொடுக்க ஒரு பாட்டின் வரிகளை இருபது நகல் கேட்டாள். மேலே ஜப்பான் எழுத்து, கீழே அவளே தமிழில் எழுதிய உச்சரிப்பு. ஏழாவது நகல் சிக்கிக்கொண்டது. அவர் தாளை உருவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சும்மா நிற்காமல் ஃபோனில் அந்தப் பாட்டை ஓடவிட்டாள். பியானோ சத்தம், அதன்மேல் மழையில் நனைந்தாற்போல் ஒரு பெண் குரல்.

"யாரும்மா இது?"

"மிசுஹோன்னு பேரு அண்ணாச்சி. எழுதுதது, மெட்டுப் போடுதது, பாடுதது எல்லாம் அவங்களேதான். எங்க வகுப்புல எல்லாப் பிள்ளையளும் இதைத்தான் முணுமுணுத்துக்கிட்டுத் திரியுது."

கசங்கிய தாளைக் குப்பைக் கூடையில் போடப்போனவர், நீவிவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டையும் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். ஏன் என்று பக்கத்து டீக்கடை முகம்மது இப்ராஹிம் பலமுறை கேட்டுவிட்டார். "தெரியலையே பாய்" என்பதுதான் இன்றுவரை பதில்.

வீட்டில் அப்போது பேச்சு நின்று பதினான்கு மாதமாகியிருந்தது. அண்ணாச்சியின் மனைவி கோமு, இருபது வருஷம் அவருடன் கடையில் உட்கார்ந்தவள். கடைக்கு இவர் கை, அவள் வாய். குமாஸ்தாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பாள். எந்த ஆபீஸில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று கிராமத்துக்காரர்களுக்கு வழி சொல்லுவாள். ஒரு புரட்டாசிக் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கை நழுவி, வாய் கோணி, அப்படியே சரிந்துவிட்டாள். காலும் கையும் ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டன. பேச்சு வரவில்லை. கேட்பதெல்லாம் புரியும். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வரும். வந்தவுடன், "அது... அது..." என்று நின்றுபோகும்.

பார்க்க வந்தவர்கள் செவிடியிடம் பேசுவதுபோல் கத்திப் பேசினார்கள். இல்லையென்றால் அவளை வைத்துக்கொண்டே அவரிடம், "கோமு சாப்பிடுதாளா?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கோமு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

தெரிந்த பாட்டுகளைப் போட்டுப் பாடவைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். பழைய சினிமாப் பாட்டாக அண்ணாச்சி போட்டார். கோமுவும் பாட எடுத்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல் வழுக்கும். வழுக்கியது அவளுக்குத் தெரியும். தொடையில் அறைந்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்து நாளில் அவளே பாட்டுப்பெட்டியை அணைத்துவிட்டாள்.

ஜப்பான் தாள் வந்த அன்று ராத்திரி, பருப்பு வேகிற நேரத்தில், அண்ணாச்சி அடுக்களை வாசலில் உட்கார்ந்து ஃபோனை ஓடவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, "அமே... நோ... அஸா..." மெட்டு எங்கோ போக, இவர் எங்கோ போனார். உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. பாத்திரம் உருண்டது என்று நினைத்தார். கோமு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். மூன்றாவது வரியில் மெட்டு மேலே ஏறவேண்டும். இவர் கீழே இறக்கினார். கோமு கையை உயர்த்திக் காட்டி, "ம்ம்ம்" என்று சரியாக இழுத்துக் கொடுத்தாள். மறுபடி பாடினார். மறுபடி தப்பு. அவள் மறுபடி இழுத்தாள். ஐந்தாவது தடவை அந்த இழுப்புக்கு முடிவில், "மத்தே யோ" என்று சொல்லாகவே வந்தது. கோமு வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதாவது சொன்னால் ஓடிவிடுமோ என்று அண்ணாச்சி பயந்து, ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பருப்பு அடிப்பிடித்துத் தீய்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"தமிழ்ல பாடுனா எது தப்புன்னு அவளுக்குத் தெரியும்லா பாய்" என்று மறுநாள் இப்ராஹிமிடம் சொன்னார். "இதுல அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒண்ணாங் கிளாஸ்."

இப்போது நான்கு பாட்டு தெரியும். எல்லாம் அந்த மிசுஹோவுடையவை. வேறு பாடகிகளையும் கேளுங்கள் என்றால், "இவளையே இன்னும் முடிக்கலையே" என்பார். எட்டு மணிவரை திறந்திருந்த கடை ஆறு மணிக்குச் சாத்தப்படுகிறது. அதற்குப் பிறகு ஓடிவரும் குமாஸ்தாவிடம், "கிளாஸ் இருக்கு வே, காலையில வாரும்" என்று பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரேயொரு சொல் மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் பாட்டில் வரிக்கு வரி, "அனத்தா, அனத்தா" என்று வரும். பாவம், யாருமில்லாத பிள்ளை போலிருக்கிறது, அநாதை என்று பாடுகிறாள் என எண்ணிக்கொண்டார். பாஸ்போர்ட் நகலெடுக்க வந்த மஹாலக்ஷ்மியிடம் கேட்டபோது அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அண்ணாச்சி! 'நீங்க'ன்னு அர்த்தம். மழையில குடையோட முன்னால போறவரைப் பாத்து, 'நில்லுங்க, நானும் வாரேன்'னு கூப்பிடுதா. அங்கன பொண்டாட்டிமாரும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். நம்ம ஊருல 'ஏங்க'ன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி."

அண்ணாச்சி பாஸ்போர்ட்டின் ஒரே பக்கத்தை மூன்று தடவை நகலெடுத்தார்.

அன்று சாயங்காலம் கோமுவிடம் அதைச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து அவர் மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஒரு குரல் உரக்க வந்தது.

"அனத்தா!"

ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடியே இறங்கி ஓடினார். கோமு அடுப்பைக் கைநீட்டிக் காட்டினாள். பால் பொங்கி வழிந்து தரைவரைக்கும் ஓடியிருந்தது. அத்தனை சந்தோஷமாக எவரும் அடுப்புத் துடைத்திருக்கமாட்டார்கள்.

அதிலிருந்து அவர் பெயர் அதுதான். தண்ணீர் வந்துவிட்டால் அனத்தா, தபால் வந்தால் அனத்தா. குரல் ஏறி இறங்குவதை வைத்தே என்னவென்று கண்டுகொள்கிறார். கூடவே "தா", "போதும்", "சூடு" என்று ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களும் எட்டிப் பார்க்கின்றன. அவர் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வந்தது வரட்டும் என்பார்.

போன மாதம் சீவலப்பேரியிலிருந்து அவருடைய அக்கா பேச்சியம்மாள் டவுன் பஸ் ஏறி வந்தாள். எழுபது வயது, மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். அவரைக்காய்ப் பையை இறக்கிவைத்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து, "அனத்தா!" என்று கேட்டது. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஏலே பெருமாளு, என்னலே சொல்லுதா அவ? அநாதையா? கட்டுன புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில ஒரு பொம்பளை இப்படிச் சொல்லணும்னா நீ என்னலே பாத்துக்கிடுத? பேசாம அவளை எங்கூட அனுப்பி வை. பேச்சுத்துணைக்கு நாலு பேரு அங்கன இருக்கோம்."

"யக்கா, செத்த பொறு. அது அப்படியில்ல..."

"என்னத்தப் பொறுக்க?"

காபித் தம்ளரோடு கோமு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. பின்கட்டுக்குத்தான் போகப்போகிறாள் என்று அண்ணாச்சி எழுந்தேவிட்டார். கோமு போகவில்லை. நேரே வந்து தம்ளரை நாத்தனார் முன்னால் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள்.

வழியில் சொல் வழுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளட்டும் என்று அண்ணாச்சி அவசரமாக ஃபோனைத் தேடி, அதே பாட்டை ஓடவிட்டார். ஜப்பான்காரி பாட, கோமு அவளை எட்டிப் பிடித்துச் சேர்ந்துகொண்டாள். பல்லவி முடிந்தது. அடுத்த அடியிலும் அவள் நிற்கவில்லை. மேலே ஏறவேண்டிய இடத்தில் மேலே ஏறினாள்.

பேச்சியம்மாள் காபியை மறந்து தம்பியின் பக்கம் சாய்ந்தாள். "இது என்ன பாஷைலே?"

அவர் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோனை மடியில் வைத்து, அதன் பக்கவாட்டுப் பித்தானைக் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கினார். பிறகு இன்னொரு தடவை. பியானோ தேய்ந்தது, ஜப்பான்காரியின் குரலும் தேய்ந்தது. கோமுவின் குரல் மட்டும் வீட்டில் மிஞ்சும்வரை பைய அமுக்கிக்கொண்டே இருந்தார்.