வெறி முறிக்கும் பூ

மச்சானின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மறுநாள் காலை, இத்தாலியின் பலெர்மோ நகரம் முழுவதும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல எனக்கிருந்தது. கீழே பல்லாரோ சந்தையில் மீன்காரர்கள் கூவுவது எங்கோ தூரத்துக் கரையிலிருந்து வருவதுபோலக் கேட்டது. விருந்தில் குடித்த வைன் தலைக்குள் இன்னும் அலையடித்துக்கொண்டிருந்தது.

மெல்ல நடந்து ஸ்டேசன் பக்கம் இருந்த சீனக் கடைக்குப் போனேன். செருப்பு வாங்கப் போகும் கடைதான். கல்லாவில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். காய்ந்த ஊதாப் பூக்கள். ஏதோ காட்டுக்கொடியில் பூப்பதாம். தங்கள் ஊரில் குடித்த மறுநாள் இதைத்தான் அவித்துக் குடிப்பார்கள் என்று இத்தாலியனில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அதை அவித்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். சன்னல் பலகையின் இடுக்கால் விழுந்த வெளிச்சம் சுவரில் மெதுவாக ஊர்ந்தது. அந்தப் பூக்கள் மிதக்கும் குளமொன்றில் நானும் மிதந்தேன். எழும்பியபோது தலை பஞ்சுபோல இருந்தது.

அன்றிலிருந்து காண்பவர்களிடமெல்லாம் அந்தப் பூவின் புகழ் பாடினேன். மனைவிதான் நம்பவில்லை. அவள் துப்புரவு வேலை செய்யும் மருந்துக்கடைக்கார அம்மாவிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"எலியளிலை சோதிச்சுப் பாத்திருக்கினமாம். மனிசரிலை செய்தது கொஞ்சம்தானாம். அதை வைச்சு ஒண்டும் அடிச்சுச் சொல்ல ஏலாதாம்."

"எனக்குச் சுகம் வந்ததே, அது?"

"மத்தியானம் வரைக்கும் நித்திரை கொண்டனீங்கள். அதுக்குச் சுகம் வராதோ?"

ஈஸ்டர் விருந்தில் குடித்துவிட்டு மச்சான் அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினான். விடிந்ததும் இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு பல்கனியில் குந்தியிருந்தோம். மனைவி இரண்டு கோப்பைகளுடன் வந்தாள். இரண்டிலும் இஞ்சியும் தேனும் மணத்தன.

"ஒண்டிலை சீனப் பூ, மற்றதிலை கமொமில்லா. எது எதெண்டு சொல்லமாட்டன்."

கமொமில்லா இந்த ஊரில் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்கும் சாமந்திப்பூத் தேநீர். நாங்கள் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தோம். கோயில் மணிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. எதிர்வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணிகள் கப்பல் பாய்போல விரிந்தன. வீடே கடலில் இறங்கிப் போவதாக எனக்குப் பட்டது. வெயில் முகத்துக்கு வந்தபோது இருவரும் ஒன்றாகக் கண் விழித்தோம்.

"எனக்குத்தான் பூ," என்றான் மச்சான். "தலையிடி சுத்தமா விட்டிட்டுது."

"இல்லை, எனக்கு. அந்த வாசம் எனக்குத் தெரியும்."

மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் கமொமில்லாதான். அண்ணா பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர். அதோடை அந்தப் பூ ஒத்துவருமோ எண்டு ஆருக்கும் தெரியாது. பிறகு எப்பிடி நான் குடுக்கிறது?"

மச்சான் வெறுங்கோப்பையை முகர்ந்து பார்த்தான். "ஆனா, தங்கச்சி, எனக்குச் சுகம் வந்தது உண்மை," என்றான்.

"ஓம் அண்ணா, ஆர் இல்லையெண்டது?" என்றபடி அவளும் தன் கோப்பையோடு வந்து எங்களுக்கு நடுவே காலை நீட்டி அமர்ந்தாள். விடுமுறை நாள், சமையலும் ஆகவில்லை. எழும்ப ஒருவருக்கும் மனமில்லாமல், துணிகள் காற்றில் புரள்வதைப் பார்த்துக்கொண்டே மூவரும் மறுபடி கண்ணயர்ந்தோம்.