ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர்

சுவிஸில் யார் எதைச் சோதிக்க வந்தாலும், அவர் வருமுன் அதைத் துடைத்து வைப்பவள் நான். என் தொழிலும் அதுதான். ஆட்கள் வீடு மாறும்போது, சாவி கையளிக்கும் நாளுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கிக் கொடுப்பேன். வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு மனிதர் வந்து அடுப்பின் உட்புறத்தையும் யன்னல் இடுக்கையும் விரலால் தடவிப் பார்ப்பார். நான் துடைத்த வீட்டில் அவர் விரலில் ஒரு தூசி ஒட்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருந்தது ஆறு வீடுகள் கொண்ட ஒரு பழைய கட்டடம். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் ஈயத்தால் ஆனவை என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஈயம் தண்ணீரில் கரைந்து வந்தால் சிறுபிள்ளைகளின் மூளைக்குக் கூடாதாம். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம், குடிப்பது தண்ணீரில் கரைக்கும் மாப்பால். எங்கள் நிர்வாகமும் வீட்டுக்கு ஒரு வெற்றுப் போத்தலும் நான்கு பக்கக் கடிதமும் அனுப்பியது. ஒரு போத்தல் தண்ணீர் பிடிக்க நான்கு பக்கம்! இந்த நாட்டில் தும்முவதற்கும் ஒரு படிவம் இருக்கும், நான்தான் இன்னும் காணவில்லை.

என் கணவர் டொச், அதாவது ஜேர்மன் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணியவர். அதனால் வருகிற கடிதங்களை எழுந்து நின்றுதான் வாசிப்பார்.

"இஞ்சேரும், விடிய எழும்பினதும் ஒரு பைப்பும் திறக்கக்கூடாதாம். இரவு முழுக்கக் குழாய்க்குள்ள கிடந்த முதல் தண்ணியை அப்பிடியே போத்தலில பிடிக்கட்டாம்."

"கிடந்த தண்ணியையோ? ஐயோ, அதைப் போய் ஆரும் குடுப்பினமோ?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"எழுதுவினம். பிறகு, ரண்டாம் மாடித் தமிழரின்ர வீட்டுத் தண்ணியைப் பாருங்கோ எண்டும் கதைப்பினம்."

மறுநாள் அவர் எழும்புமுன் நான் எழும்பினேன். குழாய் வாயில் படிந்திருந்த சுண்ணாம்பை வினாகிரி போட்டுத் தேய்த்தேன். சுத்தமாக வந்த போத்தலைச் சுடுதண்ணீரால் இன்னொரு தடவை கழுவினேன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பளிச்சென்று வந்ததைப் பிடித்து மூடினேன். கணவரிடம் மூச்சு விடவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஐந்து வீடுகளின் தண்ணீரில் ஈயம் அளவுக்குக் கூடவாம். எங்கள் வீடு மட்டும் சுத்தம்! கடிதத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கனடாவிலிருக்கும் தங்கச்சி, "அக்கா கை வைச்சால் தண்ணியும் திருந்தும்" என்று எழுதினாள். ஏழு வருடமாக என் வணக்கத்துக்குத் தலையைக்கூட ஆட்டாத மேல்வீட்டுச் சுவிஸ் அம்மா, ஒரு கண்ணாடிக் கூசாவோடு வாசலில் வந்து நின்றா, எங்கள் தண்ணீர் கொஞ்சம் தரமுடியுமா என்று. நிறைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த கடிதத்தில், ஐந்து வீடுகளுக்கும் குழாய் மாற்றுவதாகவும் எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது.

குழாய் மாற்ற வந்த மனிதர் எங்கள் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். நிலவறையிலிருந்து மேலே ஏறுவது ஒரே குழாய். கீழ்வீட்டில் ஈயம், மேல்வீட்டில் ஈயம், நடுவில் எப்படி இல்லாமல் போகும்? உள்ளே வந்து, குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே படுத்து, குழாயை ஒரு நாணயத்தால் சுரண்டினார். மங்கல் சாம்பல் நிறம் உரிந்து வெள்ளியாக மினுங்கியது. ஈயமேதான்.

போத்தலை எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டார். பத்து நிமிடம் ஓடவிட்டு என்றேன், நல்ல பிள்ளைபோல. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஈயம் கரைவது குழாய்க்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில்தான். நான் அதை வழியனுப்பிவிட்டுத் தெருவிலிருந்து வந்த புதுத் தண்ணீரைப் பிடித்திருக்கிறேன். பிறகு மேசையிலிருந்த பால் போத்தலைக் காட்டி, "பிள்ளைக்கும் காலையில் அப்படி ஓடவிட்டுத்தானே பிடிப்பீர்கள்?" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில், அரைக்கண் திறந்தபடி குழாயைத் திருகி, வருகிற முதல் தண்ணீரைத்தான் ஒவ்வொரு காலையும் கேத்திலில் பிடிப்பேன். கொதித்தாலும் ஈயம் போகாது என்றார் அவர். நிர்வாகத்துக்கு ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர், நான் பெற்ற பிள்ளைக்கு இரவெல்லாம் ஈயத்துக்குள் கிடந்த தண்ணீர். அந்த மனிதருக்கு முன்னாலேயே நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ நிர்வாகத்துக்கும் பிள்ளை டொக்டருக்கும் போன் எடுத்தார். பரீட்சை பாஸ் பண்ணின டொச் அன்று நடுவழியில் நின்று நின்று வந்தது. எங்கள் குழாயையும் மாற்றினார்கள். பிள்ளையின் இரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நான்கு நாள் கழித்து டொக்டர் சொன்னார். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னைப்போல் கிடந்து துடிக்கவேண்டாம்.

இரத்தம் எடுக்கப் போன காலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளையை இரண்டு தரம் குளிக்க வார்த்தேன். நகம் வெட்டினேன். காதுக்குப் பின்னால் துடைத்தேன். புதுச் சட்டையை எடுத்து மடிப்பு மடிப்பாக அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். கணவர் சப்பாத்தோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சேரும், இரத்தம்தானே எடுக்கப்போகினம். சட்டையை ஏன் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறீர்?"

"வேற எதைத் துடைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லையப்பா" என்றேன்.